ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது

அத்தியாயம் 11

சுபாஷ் எறிந்த சோற்றுத்தட்டு சுவரில் மோதி, உருண்டு, கஸ்தூரியின் காலடியில் வந்து நின்றதோடு போன வாரம் விட்டோம். விடிந்த பிறகும் அந்தக் குழம்புக் கறை சுவரில் அப்படியேதான் இருந்தது. கஸ்தூரிக்கு அதைத் துடைக்கக் கை வரவில்லை. தட்டை எறிந்தபோது மூத்த மகன் சொன்ன வார்த்தையும் வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

"நாளைக்கி அந்தக் கலைவேந்தன் ஆட்டம் முடிஞ்சி நடந்து வெளிய போவ மாட்டான். பாத்துக்கினே இரு."

கலைவேந்தன் வீராம்பட்டினத்துப் பையன். கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை. கபடியில் பாடிப் போனால் ஒருத்தனையாவது தொடாமல் திரும்ப மாட்டான். சுபாஷின் தம்பி ராஜ்கமலுக்கும் அதே பதினேழு வயசு, அதே ஆட்டம். புதுச்சேரி ஜூனியர் அணியில் பாடிப் போகிறவனுக்கு ஓர் இடம்தான் காலி. வில்லியனூர் உள்ளரங்கத்தில் இன்றைக்கு நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கப் போகிறார்கள்.

சுபாஷ் பாகூர்ப் பக்கத்துப் பையன்களுக்குக் கோச். ஒரு காலத்தில் அவனும் நன்றாகத்தான் ஆடினான். முட்டி போனதும் ஆட்டம் போனது, கோபம் மட்டும் போகவில்லை. தம்பியின் கால்களைத் தன் கால்கள் என்றே நினைக்க ஆரம்பித்தான். அப்படி நினைக்கிறவன் அந்தக் கால்களைக் கரும்புக்கழியால் விளாசுவானா? இவன் விளாசினான். அப்பா போன பிறகு அந்த வீட்டில் அவனை ஏனென்று கேட்க ஆள் இல்லை.

இரண்டு பையன்களுக்கும் நடுவில் பிறந்தவள் தென்றல். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று படம் எடுத்துத் தன் காலில் நிற்கிறாள். இன்றைய ஆட்டத்துக்கும் அவள்தான் போட்டோகிராபர்.

காலையில் பையில் கேமராவை வைத்தாள். ஃப்ளாஷை எடுத்து அலமாரிக்குள் வைத்து மூடினாள்.

"அத எடுத்துக்கினு போவலியா?" என்றாள் கஸ்தூரி.

"உள்ள அடிக்கக் கூடாதும்மா. பாடிப் போறவன் கண்ணு கூசிடும். அவன் முழிச்சிக்கினு நிக்கறதுக்குள்ள அமுக்கிடுவாங்க."

ஷூ மாட்டிக்கொண்டிருந்த சுபாஷ் சிரித்தான். "ஃப்ளாஷ் இல்லாம அந்தக் குகையில இன்னாத்தடி புடிப்ப? இருட்டயா?"

"இந்த லென்ஸுக்கு வாய் பெருசுண்ணா. இருக்கிற வெளிச்சத்த இழுத்துக்கும்."

"இழுக்கும், இழுக்கும். பளிச்சுனு அடிச்சாத்தாண்டி படம். அடிக்கலன்னா வெறுங் கறுப்புதான் வுழும்."

எத்தனை முறை சொல்லியிருப்பாள்! தங்கச்சி சொல்வதைக் காதில் வாங்கினால் அவன் சுபாஷே இல்லை. அரங்கத்துக்குள் அவள் எடுத்த ஒரு படத்தைக்கூட அவன் வாங்கிப் பார்த்தது கிடையாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாண மேடையும், தாலி கட்டும்போது வெட்டுகிற வெளிச்சமும்தான்.

அவன் பைக்கைக் கிளப்பிப் போனதும் தென்றல் அம்மாவின் பக்கத்தில் வந்தாள். "நேத்து அவன் சொன்னத நெனச்சா எனக்கு பயமா இருக்கும்மா."

"அது வாய்ப் பேச்சுடி. அவன் கோவக்காரன், கெட்டவன் இல்ல."

அந்தத் தாய் இப்படித்தான் சொல்வாள். குடித்துவிட்டு எந்நேரத்துக்கு வந்தாலும் பெரியவன் வாசலில் நிற்கக் கூடாது என்று கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் படுக்கிறவள் அவள். இருந்தாலும் இன்றைக்கு, "நானும் வரேன்" என்று புடவை மாற்றிக்கொண்டாள்.

ஐப்பசி மழை காலையிலிருந்தே ஊற்றியது. அரங்கத்து ஜன்னல்களில் ஷட்டில் ஆடுகிறவர்களுக்காகக் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். கூரை விளக்குகளில் பாதி எரியவில்லை, எரிந்தவையும் துடித்துக்கொண்டிருந்தன. நம் கண்ணுக்கு அந்தத் துடிப்பு தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஒரு படம் மஞ்சளாக விழும், அடுத்தது பாதி இருண்டு விழும். அதனால் தென்றல் விரலை எடுக்காமல் தொடர்ந்து எடுத்துத் தள்ளுவாள். பத்தில் ஒன்று உருப்படியாகத் தேறும். லென்ஸை முழுக்கத் திறந்து, படம் புள்ளி விழுந்தாலும் போகிறது என்று வேகத்தைக் கூட்டி, கபடி ஆடுகிற ரப்பர் விரிப்பான மேட்டின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"யாரும் ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது!" என்று நடுவர் மைக்கில் அறிவித்தார். ஆட்டம் தொடங்கியது.

அது விளையாட்டாகவா இருந்தது? ஒருவன் பல்லில் முழங்கை பட்டு ரத்தம் துப்பினான். இன்னொருவனை நான்கு பேர் தூக்கிக் கோட்டுக்கு வெளியே எறிந்தார்கள். பார்க்க வந்த இரண்டு ஊர்க்காரர்களும் நாற்காலியை விட்டு எழுந்து ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் சுபாஷ் தன் அணிப் பையன் ஒருவனைக் கன்னத்தில் அறைந்த சத்தம் அரங்கத்தின் அந்தக் கோடி வரை கேட்டது.

அடுத்து ராஜ்கமலின் பிடரியைப் பிடித்தான். தென்றல் லென்ஸைத் திருப்பினாள். தம்பியின் கழுத்தில் அண்ணனின் நகம் இறங்குவது அவளுக்குத் தெரிந்தது.

"அவன் பாடி வரும்போது முட்டியப் புடிச்சித் திருகுடா. எழுந்துக்கக் கூடாது."

"மாட்டேண்ணா."

"இன்னாடா சொன்ன?"

"அவன் எங்கிட்ட இன்னா தப்பா ஆடினான்? கேம்ப்புல ஒரே தட்டுல துன்னோம் நாங்க. நான் ஆடி ஜெயிக்கறேன், வுடுண்ணா."

ராஜ்கமல் பிடியை உதறிவிட்டு மேட்டுக்குப் போனான். அண்ணனை எதிர்த்து அவன் ஒரு வார்த்தை பேசியது அதுதான் முதல் தடவை. தென்றலுக்குப் பெருமையாக இருந்தது.

கலைவேந்தன் பாடி வந்தான். ராஜ்கமல் செய்யாததை ஓரத்தில் நின்ற இன்னொரு பையன் செய்தான். முட்டியைக் கட்டிப் பிடித்து ஒரே திருகு. கலைவேந்தன் அலறிக்கொண்டு விழுந்தான்.

அவ்வளவுதான், இரண்டு பக்கத்து ஆட்களும் மேட்டுக்குள் பாய்ந்தார்கள். நாற்காலி பறந்தது. நடுவரின் சட்டை கிழிந்தது. வீராம்பட்டினத்துக் கோச் இருசப்பன், "புள்ளைய மிதிக்காதீங்கடா!" என்று கத்தியபடி வந்து, யாரோ குத்தியதில் சுருண்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து வெளியே இடி விழுந்தது. கரன்ட் போயிற்று.

ஸ்கோர் போடுகிற மேஜை மேல் ஒரு சின்ன எமர்ஜென்சி விளக்கு மட்டும் எரிந்தது. வாசல் வழியாக மழைநாளின் மங்கல் வெளிச்சம் கொஞ்சம் வந்தது. மனிதர்கள் வெறும் நிழலாகத் தெரிந்தார்கள். யார் யாரை அடிக்கிறார்கள் என்று யாருக்கும் புரியவில்லை.

தென்றல் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அந்தக் கேமரா கூட்டிக் காட்டும். வெறுங்கண்ணுக்குத் தெரியாதது அவள் கண்ணை ஒட்டியிருந்த சின்னச் சதுரத்துக்குள் தெரிந்தது. புள்ளி புள்ளியாக, ஆனால் தெளிவாக.

சுபாஷ் நின்றிருந்தான். முதலில் தலையைத் திருப்பி அவள் இருந்த பக்கமாக ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் சுவரில் சாத்தியிருந்த ஷட்டில் வலை கட்டும் இரும்புக் குழாயை எடுத்தான். கீழே முட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்த கலைவேந்தனை நோக்கி நடந்தான்.

"அண்ணா!" என்று அவள் கத்தினாள். அந்தக் கூச்சலில் அது எங்கே கேட்கப் போகிறது! விரல் மட்டும் அழுத்தியபடியே இருந்தது.

குழாய் மேலே போனது. எங்கிருந்தோ ராஜ்கமல் வந்து கலைவேந்தன் மேல் குப்புற விழுந்தான். சுபாஷின் கை நிற்கவில்லை. இரும்பு தம்பியின் தலையில் இறங்கியது.

கைக்குக் கீழே கிடப்பது யார் என்று அப்போதுதான் சுபாஷுக்குத் தெரிந்தது. குழாய் நழுவி விழுந்தது. ஒரு கணம் சிலை மாதிரி நின்றான். அந்த ஒரு கணத்துக்காகத் தென்றல் அவனை மன்னித்திருப்பாள். ஆனால் அவன் என்ன செய்தான் தெரியுமா? காலால் அந்தக் குழாயை மெதுவாக உருட்டிக் கலைவேந்தனின் கையருகே தள்ளினான்.

ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு வந்தது.

"அய்யோ! எந்தம்பிய அடிச்சிட்டாண்டா! கலைவேந்தன் பைப்பால அடிச்சிட்டாண்டா!"

அந்தக் குரல் சுபாஷுடையது.

ராஜ்கமலின் காதோரம் ரத்தம் வழிந்து மேட்டில் பரவியது. கஸ்தூரி படிகளில் விழுந்து எழுந்து ஓடி வந்து மகனின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். முந்தானையைச் சுருட்டிக் காயத்தில் அழுத்தினாள். "கண்ணத் தொறடா ராஜா, அம்மாவப் பாரு, கண்ணத் தொற" என்று என்னென்னவோ சொன்னாள். அவன் திறக்கவில்லை.

அவள் தலையை நிமிர்த்தினாள். முகம் வேறாக மாறியிருந்தது. "அடிச்சவன் கைய ஒடைங்கடா! அவன வுடாதீங்கடா!"

பெற்றவளே சொன்ன பிறகு ஊர்க்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? கலைவேந்தனின் காலைப் பிடித்து மழைக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். "நான் இல்லண்ணா, நான் இல்லண்ணா" என்று அவன் கதறுவதும், அடி விழுகிற சத்தமும் உள்ளே கேட்டன. யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள்.

சுபாஷ் தென்றலின் அண்ணன். சொன்னால் ஜெயிலுக்குப் போவான். சொல்லாவிட்டால் வெளியே ஒரு பிள்ளை செத்துப்போவான். அம்மாவின் முன்னால் மண்டியிட்டாள்.

"அம்மா, அந்தப் பையன் அடிக்கலம்மா."

"பின்ன யாருடி?"

வெளியே இன்னொரு அடி விழுந்தது, இன்னொரு அலறல் கேட்டது.

"அண்ணன்மா. நம்ம சுபாஷு. நான் பாத்தேன்."

கஸ்தூரியின் கை அவள் கன்னத்தில் இறங்கியது. ரத்தக் கை. "பொய் சொல்லாதடி! தம்பிய யாராச்சும் அடிப்பானா?"

"இதுல இருக்கும்மா. பாரும்மா!" தென்றல் கேமராவை நீட்டினாள்.

"எடுத்துக்கினு போடி அத!" கஸ்தூரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டாள். பார்த்தால் ஒரு பிள்ளையை இழக்க வேண்டும் என்று அவளுக்கு எங்கோ தெரிந்திருக்க வேண்டும்.

தென்றல் வாசலுக்கு ஓடினாள்.

மழைச் சேற்றில் கலைவேந்தன் கிடந்தான். உதடு கிழிந்து, ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது. சுபாஷ் அவன் மார்மேல் முட்டி போட்டுக் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு உதை கொடுத்தார்கள்.

"வுடுடா அவன!" தென்றலுக்கே அது தன் குரலாகத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அண்ணனை அவள் 'டா' போட்டதில்லை. "அடிச்சது நீதான்! எங்கிட்ட படம் இருக்கு!"

உதைத்தவர்களின் கால்கள் நின்றன. சுபாஷ் நிமிர்ந்து பார்த்தான். மழை வழிந்த அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, பாருங்கள்!

"படமா? ஃப்ளாஷே அடிக்கலியேடி நீ! கரன்ட்டு போன ஒடனே உன்னத்தான் மொதல்ல பாத்தேன். ஒரு தடவ கூட அடிக்கல. அப்புறம் எங்கிருந்துடி படம் வுழும்?"

சொல்லி முடித்த பிறகும் அவனுக்கு உறைக்கவில்லை. சுற்றி நின்றவர்களுக்கு உறைத்தது. அவனுடைய அணிப் பையன் ஒருவன் கலைவேந்தனின் காலைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

"ஏண்டா சுபாஷு."

சின்னவனின் தலையை ஒரு பையனின் மடியில் விட்டுவிட்டு, வாசற்படியில் கஸ்தூரி வந்து நின்றிருந்தாள். மகள் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் பின்னாலேயே வந்தாளோ என்னவோ. முந்தானை முழுக்கச் சின்னவனின் ரத்தம்.

"கரன்ட்டு போச்சுன்னா எல்லாரும் புள்ளைய தேடுவாங்க. நீ இன்னாத்துக்குடா அவ ஃப்ளாஷ் அடிக்கிறாளா இல்லியான்னு பாத்த?"

அவன் கலைவேந்தனை விட்டு எழுந்தான். அடுத்த நொடி தென்றல் மேல் பாய்ந்தான். வார் கழுத்தை அறுக்கக் கேமராவைப் பிடுங்கினான். அவள் விடாமல் பற்றிக்கொண்டு கூடவே இழுபட்டாள். அவன் வயிற்றில் உதைத்த உதையில் மூச்சடைத்து விழுந்தாள். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிச் சிமெண்டுப் படியில் ஓங்கி அடித்தான். ஒன்று, இன்னொன்று. லென்ஸ் தெறித்தது. மூடி பெயர்ந்து என்னென்னவோ சேற்றில் சிதறின. பிடிக்க வந்த இருவரைத் தள்ளிவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்து போய்விட்டான்.

தென்றல் தவழ்ந்து போய் உடைந்ததை எடுத்தாள். படம் பதிகிற கார்டு இருக்க வேண்டிய பொந்து காலியாக இருந்தது. சேற்றைக் கையால் துழாவினாள். கண்ணாடிச் சில்லு விரலைக் கிழித்தது, கார்டு கிடைக்கவில்லை.

ஆம்புலன்ஸும் போலீஸ் ஜீப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ராஜ்கமலை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். இன்னும் கண் திறக்கவில்லை, மூச்சு மட்டும் இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் குடையோடு இறங்கி, "யாருப்பா அடிச்சது?" என்றார்.

ஊர்க்காரப் பெரியவர் ஒருவர் கஸ்தூரியின் காதோரம் குனிந்தார். "கஸ்தூரி, கேமராவும் போச்சு, கார்டும் போச்சு. ஒருத்தரும் பாக்கல. நீ வாய மூடிக்கினு இருந்தீன்னா பெரியவன் தப்பிச்சுக்குவான். ரெண்டு புள்ளையவும் ஒரே நாள்ல தொலைக்காத."

கஸ்தூரி அவரைப் பார்த்தாள். சேற்றில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள். இருசப்பனின் மடியில் கிடந்த கலைவேந்தனைப் பார்த்தாள். அவனை அடிக்கச் சொன்னது தன் வாய்தான் என்று நினைத்தாளோ என்னவோ, உதட்டைப் புறங்கையால் துடைத்தாள்.

"எழுதிக்குங்க சார். சுபாஷு. எம்பெரிய புள்ள."

"நீங்க கண்ணால பாத்தீங்களாம்மா?"

"பாக்கல சார். எம்பொண்ணு படத்தக் காட்டுனா, அதையும் நான் பாக்கல. அவன் சொன்னான், கேட்டேன். பெத்தவளுக்கு அதுக்கு மேல இன்னா சார் வேணும்?"

அழவில்லை அவள். "அந்தப் புள்ளையவும் இதுலயே ஏத்துங்க" என்று கலைவேந்தனைக் காட்டினாள். அவனைத் தூக்கி ராஜ்கமலின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கஸ்தூரி ஏறினாள், தென்றல் ஏறினாள். கதவை இன்னும் சாத்தவில்லை.

"பைப்ப எடுத்து வெய்யா, சாட்சிக்கு வேணும்" என்று சப்-இன்ஸ்பெக்டர் ஏட்டிடம் சொல்வதும், "உள்ள காணோமே சார்" என்று ஏட்டு திரும்பி வருவதும் தென்றலுக்குக் கேட்டன. கதவைச் சாத்தினார்கள், வண்டி கேட்டைத் தாண்டியது.

சாலையில் கொஞ்ச தூரம் போன பிறகு பின்பக்கக் கண்ணாடியில் ஒரு வெளிச்சம் விழுந்தது. மழைக்குள் ஒரு பைக். வண்டி மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது, வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுத்தது. ஓட்டுகிறவனின் ஒரு கை ஹேண்டில்பாரில் இருந்தது. இன்னொரு கையில் நீளமாக எதையோ பிடித்திருந்தான்.

கலைவேந்தனும் அதைப் பார்த்தான். ராஜ்கமலின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா" என்றாள் தென்றல். கையால் கண்ணாடியைக் காட்டினாள்.

கஸ்தூரி திரும்பிப் பார்க்கவில்லை. சின்னவனின் தலையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"இந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா இருக்காடி?"

"இருக்கும்மா."

"போடு."